ஒரு மீட்டர் சதுரம்

உப்பனாற்றில் வத்தம்.
முழங்கால் வரை சேறு.
பிவிசி குழாய் நான்கைக் கட்டிச் செய்த சட்டத்தை
வெண்கண்டல் மரத்தடியில் போடுகிறேன்.
உள்ளே கிடப்பதை எண்ண வேண்டும்.
நாளுக்கு எண்ணூறு ரூபாய்,
படகுக்கூலி தனி.

படிவம் எளிது.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண்ணிக்கை.
ஓரத்தில் 'குறிப்பு' என்று
சுண்டுவிரல் அகலத்தில் ஒரு கட்டம்.

ஊரி, முப்பத்தொன்று.
எழுதிவிட்டுப் பார்த்தால்
நான்கு மட்டும் வேகமாக நடக்கின்றன.
நத்தைக்கு ஏது அந்த அவசரம்?
ஒன்றைக் கவிழ்த்தேன்: கால்கள்.
செத்த ஊரியின் வீட்டில்
நண்டு குடியிருக்கிறது,
வாடகை கேட்க ஆளில்லை.
இதை எந்த வரியில் எழுத?
கலிவரதன் படகில் இருந்தபடியே சொன்னார்:
"ரெண்டுலயும் எழுதும்மா.
கணக்கு கூடுனா
கவுர்மெண்டுக்கு சந்தோசம்தான."

பழுத்த இலையொன்று சட்டத்துக்குள் விழுந்தது.
இலைக்குப் படிவத்தில் இடமில்லை.
செங்கால் நண்டொன்று வந்து
தன்னைவிடப் பெரிய அதைப்
பக்கவாட்டில் இழுத்து,
வளைவாயில் சிக்கி,
மடக்கி, மறுபடி இழுத்து
உள்ளே கொண்டுபோயிற்று.
ஊறவைத்துத் தின்னும் என்பார்கள் சிலர்,
அப்படியெல்லாம் இல்லை என்பார்கள் சிலர்.
அது மென்று சிந்தியதில்
கண்ணுக்குத் தெரியாதவை முளைக்கும்.
அவற்றைத் தேடி இறால்குஞ்சு,
இறாலைத் தேடிக் கொடுவா,
கொடுவாவைத் தேடி
முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குப் போன ஞாயிறு
நானும் போனேன்,
விலை கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வளை வழியாகத்தான்
மரத்தின் வேருக்குக் கொஞ்சம் காற்று போகிறது.
நன்றிக்கடன் என்று எழுதத் தோன்றும்.
ஒன்று உதிர்த்தது, ஒன்று தோண்டியது,
அவ்வளவுதான் பார்த்தேன்.

ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள்,
சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்து
உருண்டையாய்த் துப்புகிறவை,
இருபத்திரண்டு.
இரண்டாம் தடவை சரிபார்க்கக் குனிந்தபோது
செம்பருந்தின் நிழல் சட்டத்தைக் கடந்தது.
பூஜ்யம்.
பருந்து யாரையும் தூக்கவில்லை,
அது போன திசையே வேறு.
ஆனாலும் நிழல் கொஞ்சம் தின்றுவிட்டது,
இருபத்திரண்டு வாய்கள் மேயாமல் கிடந்த
அந்த ஐந்து நிமிடத்தை.
அதற்குள் சேற்றில்
பாசி எவ்வளவு தப்பித்ததோ.

கலிவரதன் வலையிலிருந்து
ஒரு பச்சை நண்டைக் கழற்றிக் காட்டினார்.
"பை வெச்சது. விக்காது."
வயிற்று மடிப்பில் மஞ்சள் உருண்டை.
படகில் ஒட்டும் கொட்டலசுக்குப் பங்காளி ஒன்று
உள்ளே வேர்விட்டு
வெளியே பை கட்டியிருக்கிறது.
நண்டு ஆண்.
முட்டையே சுமக்காத பிறவி.
இதைத் தன்னுடையதென்று நம்பி
விசிறி விசிறி, அழுக்குத் துடைத்து
வளர்த்துக்கொண்டிருக்கிறது.
அதைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்தேன்.
அவர் பையைப் பிய்த்து ஆற்றில் எறிந்தார்.
"இனிமே கொழம்புக்கு ஆவும்."

சட்டத்துக்கு வெளியே நடந்தது,
கணக்கில் வராது.
இருந்தாலும் குறிப்புக் கட்டத்தில்
'ஆண், சுமந்தது' என்று
எறும்பு எழுத்தில் எழுதினேன்.
ஆபீசில் தெய்வநாயகி மேடம்
அடித்துவிடுவார்.

ஏத்தம் திரும்பிவிட்டது.
மூச்சுவேர்களின் அடியில் தண்ணீர்
சத்தமில்லாமல் சுற்றிக்கொள்கிறது.
புறங்கையில் ஒரு கொசு.
அது குடித்து முடிக்கும்வரை
பேனாவை மூடிக்கொண்டிருந்தேன்,
பிறகுதான் அடித்தேன்.
சதுரத்துக்குள்ளேயே விழுந்தது.
விட்டுப்போனது எதுவும் இருக்கக் கூடாதென்று
கடைசி வரியில்
'கொசு, ஒன்று' என்று எழுதி
நிமிர்ந்து பார்த்தேன்.
செங்கால் நண்டு
வளைவாயில் நின்று
மென்றுகொண்டிருந்தது,
கொசுவையும்
அதற்குள் இருந்த என்னையும்.